பழைய ராணுவ ரைஃபிளும் அதன் பயனெட்டும்: ஒரு வாசகருக்கு வழக்கறிஞரின் பதில்

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அடையாளத்தைக் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டு, கேள்விக்குத் தேவையானதை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டை வைத்திருக்கிறார். அவரிடம் இரண்டு பழைய ராணுவ ரைஃபிள்கள் உள்ளன. ஒன்று எம்-1 கேரண்ட். மற்றொன்று 1942-ல் வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்டு. இரண்டாம் உலகப் போரில் தன் தாத்தா இதே வகை ரைஃபிளைத் தோளில் சுமந்தவர் என்பதால் அதைத் தேடி வாங்கியதாக எழுதுகிறார். இரண்டுக்கும் உரிய பயனெட்டுகள், அதாவது குழல்முனையில் பொருத்தும் கத்திகள், உறையோடு அவரிடம் இருக்கின்றன. சில மாதங்களில் வேலை காரணமாக நியூயார்க் மாநிலத்துக்குக் குடிபெயரப் போகிறார்.

அவருடைய கேள்விகள் நான்கு. நியூயார்க் சட்டத்தில் பயனெட் குறிப்பிடப்பட்டிருப்பதால், இரண்டு ரைஃபிள்களிலும் அதைப் பொருத்தும் உலோக மேட்டை, துப்பாக்கிக்காரர்கள் ‘லக்’ என்று சொல்வதை, ராவி எடுத்துவிடலாமா? பென்சில்வேனியாவில் இருக்கும் நண்பர் விற்க முன்வரும் எம்-1 கார்பைன் என்ற சிறிய ராணுவ ரைஃபிளை, அதன் லக்கை நீக்கிவிட்டு வாங்கலாமா? பயனெட் துப்பாக்கி அல்ல, வெறும் கத்திதான் என்பதால் காரிலேயே வைத்திருக்கலாமா? சுடுதளத்தில் பயனெட்டைப் பொருத்திச் சுட முயன்றபோது பொறுப்பாளர் கழற்றச் சொன்னாராம். பழைய ரைஃபிள்களை பயனெட்டோடுதான் குறி சரிபார்த்தார்கள் என்று விளக்கியும் அவர் கேட்கவில்லையாம். அப்படித் தடுக்க அவருக்கு அதிகாரம் உண்டா?

கடிதத்தின் கடைசிப் பத்தியில், கேள்வியாக அல்லாமல் செய்தியாக, இன்னொன்றும் இருக்கிறது. எச்-1பி விசாவில் வந்து தற்போது தம் வீட்டில் தங்கியிருக்கும் மைத்துனரை அடுத்த மாதம் சுடுதளத்துக்கு அழைத்துப் போகிறாராம். பயனெட் பொருத்திய ரைஃபிளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஆசைப்பட்டால் இரண்டு குண்டு சுடட்டும் என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை தந்தது நீங்கள் கேட்காத அந்தக் கடைசிப் பத்திதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உங்கள் மைத்துனர்

குடியேற்ற நோக்கமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் 922-ஆம் பிரிவின் ‘ஜி’ உட்பிரிவு இதைச் சொல்கிறது. எச்-1பி, மாணவர் விசா, சுற்றுலா விசா எல்லாம் இதில் அடங்கும். கிரீன் கார்டு பெற்றவர்கள் அடங்கமாட்டார்கள். ‘வைத்திருத்தல்’ என்பதற்குச் சொந்தமாக வாங்குவது என்று மட்டும் பொருள் கொள்ளாதீர்கள். சுடுதளத்தில் ஐந்து நிமிடம் கையில் வாங்கிச் சுடுவதும் வைத்திருத்தல்தான். 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கு அப்படித்தான் பிறந்தது. மாணவர் விசாவில் வந்த ஒருவர், பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டுத் தங்கும் உரிமையை இழந்தபின், ஒரு சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டார். அதற்காகவே அவர்மீது கூட்டாட்சிக் குற்றவழக்கு வந்தது. தம் விசா நிலை பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே தவிர, சுடுதளத்தில் கையில் எடுப்பது குற்றமாகாது என்று சொல்லவில்லை. உங்கள் மைத்துனருக்குத் தம் விசா என்ன என்பது நன்றாகவே தெரியும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தே அவருக்குத் துப்பாக்கியைக் கொடுப்பவரையும் அதே 922-ஆம் பிரிவு தண்டிக்கிறது. அந்த இடத்தில் நிற்பவர் நீங்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெறுவது நாடு கடத்தலுக்கும் தனிக் காரணம் என்பதால், சிறைக்குப் போகாவிட்டாலும் உங்கள் மைத்துனருடைய வேலையும் வாழ்க்கையும் குலைந்துவிடும்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் அவரிடம் இருந்தால் கூட்டாட்சித் தடை அவரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அவர் உண்மையிலேயே சுட விரும்பினால், முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து அந்த உரிமத்தைப் பெறட்டும். பிறகு மாநில விதிகளையும் பார்த்துக்கொண்டு அழைத்துப் போகலாம். அதுவரை அவர் ரைஃபிளைத் தொட வேண்டாம். படத்துக்காகவும் வேண்டாம். கையில் ரைஃபிளோடு நிற்கும் படம் அரசுத் தரப்புக்கு ஆயத்தமான சான்றாகிவிடும்.

லக்கை ராவ வேண்டாம்

பயனெட் பற்றிய சட்டக் குழப்பத்தின் வேர் ஓர் எளிய வேறுபாட்டைக் கவனிக்காததில் இருக்கிறது. பயனெட் என்ற கத்தியை ஒரு சட்டம் பார்க்கிறது. பயனெட்டை ஏற்கும் ரைஃபிளை வேறொரு சட்டம் பார்க்கிறது. நீங்கள் அஞ்சுவது இரண்டாவது வகையை. 1994 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து 2004 செப்டம்பரில் காலாவதியான, ‘தாக்குதல் ஆயுதங்கள்’ மீதான கூட்டாட்சித் தடைச் சட்டம்தான் பயனெட் லக்கை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தியது. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளாக, அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வதாக இருந்து, கழற்றி மாட்டும் மேகசினையும், அதாவது தோட்டாப் பெட்டியையும் ஏற்றால், தோளில் அண்டும் மடக்குக் கட்டை, பிஸ்டல் பிடி, பயனெட் லக், ஃபிளாஷ் சப்ரஸர் (சுடும்போது எழும் தீச்சுடரைக் குறைக்கும் குழல்முனைத் துண்டு), கிரெனேடு லாஞ்சர் ஆகியவற்றில் இரண்டு இருந்தால் போதும், அது தடைக்குள் வரும் என்றது அந்தச் சட்டம். அது காலாவதியானாலும் அந்தப் பட்டியல் பல மாநிலங்களில் சிறு மாற்றங்களோடு வாழ்ந்துகொண்டிருக்கிறது. நியூ ஜெர்சி இரண்டு அம்சங்கள் என்ற அளவைப் பின்பற்றுகிறது. நியூயார்க் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதை ஓர் அம்சமாகக் குறைத்துவிட்டது. கலிஃபோர்னியாவின் பட்டியலில் பயனெட் லக் இடம்பெறவே இல்லை.

இங்கே நீங்கள் தாண்டிப் படித்துவிட்ட வரி, பட்டியலுக்கு முந்தைய வரி. அம்சங்களை எண்ணத் தொடங்குவதற்கே ரைஃபிள் செமி ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும். கழற்றி மாட்டும் மேகசினையும் ஏற்க வேண்டும். உங்கள் லீ-என்ஃபீல்டு ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடுவது. மேகசினைக் கழற்ற முடிந்தாலும் முதல் நிபந்தனையிலேயே அது வெளியே நிற்கிறது. கேரண்ட் செமி ஆட்டோமேட்டிக்தான். ஆனால் 8 தோட்டாக்களைக் கோத்த உலோகக் கிளிப்பை மேலிருந்து உள்ளே அழுத்தும் அமைப்பு அது. மேகசின் ரைஃபிளின் உடலோடு சேர்ந்தது. ஆகவே இரண்டாவது நிபந்தனையில் அது வெளியே நிற்கிறது. இந்த இரண்டுக்கும் லக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாநிலச் சட்டத்தின் முன் வேறுபாடு இல்லை.

ராவினால் வரும் இழப்பு மட்டும் நிச்சயம். கேரண்டின் லக் தனியாகத் திருகிப் பொருத்திய துண்டு அல்ல; ரைஃபிளை இயக்கும் எரிவாயு உருளையின் ஓர் அங்கம். அரத்தை வைத்தால் அந்த உருளையைத்தான் சிதைக்கிறீர்கள். எண்பது ஆண்டுகளைத் தாண்டி வந்த ஒரு பொருளை, எந்தச் சட்டமும் கேட்காத ஒரு காரணத்துக்காக, சேகரிப்பாளரின் மதிப்பையும் இழக்கும்படி வெட்டுவதற்கு நான் ஒருபோதும் ஆலோசனை சொல்லமாட்டேன். தாத்தாவின் நினைவாக வாங்கிய இச்சாப்பூர் ரைஃபிளைப் பொறுத்தவரை இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

‘இவை பழம்பொருட்கள், எனவே சட்டம் பொருந்தாது’ என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் பழம்பொருள் என்பது 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டது. 50 ஆண்டுகளைக் கடந்த துப்பாக்கிகளுக்கு ‘கியூரியோ’ என்ற தனி வகை உண்டு. உங்களுடையவை அதில் சேரும். அந்த வகை, சேகரிப்பாளர் உரிமம் பெற்றவருக்குச் சில வசதிகளைத் தருகிறதே தவிர, துப்பாக்கியைத் துப்பாக்கி இல்லை என்று ஆக்குவதில்லை.

நியூயார்க்கில் எந்தப் பகுதிக்குக் குடிபோகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது மிக முக்கியம். மாநிலத்தின் பிற பகுதிகளில் மேலே சொன்னது போதும். அங்கே போனபின் இன்னொரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்க நினைத்தால், 2022 செப்டம்பர் முதல் அதற்குத் தனி உரிமம் தேவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நியூயார்க் மாநகரம் என்றால் கதையே வேறு. ரைஃபிள் வைத்திருக்கவே காவல்துறையின் அனுமதி வேண்டும். ரைஃபிளின் கொள்ளளவை 5 தோட்டாக்களாகக் கட்டுப்படுத்தும் நகர விதியில் 8 தோட்டா கேரண்டும் 10 தோட்டா லீ-என்ஃபீல்டும் சிக்கக்கூடும். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது கேளுங்கள்.

கார்பைன் வேண்டாம்

எம்-1 கார்பைனைப் பற்றி உங்கள் யோசனை, லக்கை நீக்கினால் போதும் என்பது. நியூயார்க்கில் அந்த வாதத்துக்கு ஓரளவு இடம் உண்டு. கார்பைன் முதலில் பயனெட் லக் இல்லாமல்தான் வந்தது. போரின் இறுதிக் கட்டத்தில் லக் உள்ள குழல் வளையம் அறிமுகமாகி, பழைய கார்பைன்களுக்கும் பின்னர் மாட்டப்பட்டது. கழற்றும் மேகசின் இருப்பதால், லக் உள்ள வளையத்தோடு இருக்கும் கார்பைன் அங்கே தடைக்குள் வருகிறது. பழைய வளையத்தை மாட்டினால் அந்த அம்சம் இல்லாமல் போகிறது.

ஆனால் நீங்கள் இன்று வசிப்பது நியூ ஜெர்சியில். இங்கே சட்டம் அம்சங்களை எண்ணுவதோடு நிற்காமல், பெயர் சொல்லியே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ‘எம்-1 கார்பைன் வகை’ அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெயரே இருக்கும்போது எதை நீக்கினாலும் பயனில்லை. இது இரண்டாம் நிலைக் குற்றம். 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைக்கு இடமுண்டு. அமெரிக்கப் படைவீரர்கள் கையில் தவழ்ந்த, நேர்த்தியான, எடை குறைந்த அந்தக் கார்பைன்மீது உங்களுக்கு இருக்கும் ஈர்ப்பு புரிகிறது. ஆனாலும் நண்பரிடம் இன்றே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். வேறு மாநிலத்தவரிடமிருந்து உரிமம் பெற்ற வணிகர் வழியாக அல்லாமல் நேரடியாகத் துப்பாக்கி வாங்குவது கூட்டாட்சிச் சட்டப்படியும் குற்றம் என்பதை அவருக்கும் தெரிவியுங்கள். அவரும் சிக்கிக்கொள்ளக்கூடாது அல்லவா?

எஸ்கேஎஸ் என்ற சோவியத் வகை ராணுவ ரைஃபிளைப் பற்றியும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். 10 தோட்டா கொள்ளும் நிலையான மேகசினோடு இருக்கும்வரை நியூ ஜெர்சியில் சிக்கல் இல்லை; கழற்றும் மேகசின் மாட்டியதும் அது பெயர்ப் பட்டியலுக்குள் நுழைந்துவிடும். சீனாவிலிருந்து பயனெட் இல்லாமல் இறக்குமதியான ஒன்றாக இருந்தால், அதில் நீங்களே பயனெட்டைத் திரும்பப் பொருத்தாதீர்கள். இறக்குமதி ரைஃபிள் விளையாட்டுக்கு ஏற்றதா என்று பார்க்கும் கூட்டாட்சி விதியில், பயனெட்டை ஏற்கும் தன்மை 1989 முதலே எதிரான அடையாளமாகக் கருதப்பட்டு வருகிறது.

‘வெறும் கத்திதான்’ என்பது

பயனெட் துப்பாக்கி அல்ல என்பது உண்மை. அதை வாங்க அடையாள அட்டை தேவையில்லை. வீட்டில் சேகரிப்பாக வைத்திருப்பதிலும் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால் துப்பாக்கி அல்ல என்பதாலேயே துப்பாக்கிக்குக் கிடைக்கும் சில பாதுகாப்புகளும் அதற்குக் கிடைப்பதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் முறைப்படி கொண்டுசெல்வோரைப் பாதுகாக்கும் கூட்டாட்சி விதி துப்பாக்கியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கத்தியைப் பற்றிப் பேசவில்லை. குடிபெயரும் நாளில் ரைஃபிளுக்கு இருக்கும் கவசம் பக்கத்திலேயே கிடக்கும் பயனெட்டுக்கு இல்லை.

நியூ ஜெர்சியில் டாகர், அதாவது குத்துவாள் போன்ற கத்தியை, விளக்கிச் சொல்லக்கூடிய சட்டபூர்வமான நோக்கம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். சூழலுக்குப் பொருந்தாத வகையில் எந்த ஆயுதத்தையும் வைத்திருப்பது இன்னொரு குற்றம். சுடுதளத்துக்குப் போகும் வழியில், ரைஃபிளோடு ஒரே பெட்டியில், உறைக்குள் இருக்கும் பயனெட்டின் நோக்கம் தானே விளங்கும். செவ்வாய்க்கிழமை காலை அலுவலக வாகன நிறுத்தத்தில் இருக்கைக்கு அடியில் கிடக்கும் அதே பயனெட்டுக்கு நீங்கள் என்ன விளக்கம் தருவீர்கள்?

நியூயார்க்கில் இன்னும் கவனம் தேவை. அபாயகரமான கத்தி எது என்று விளக்கிய 1983-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், வடிவமைப்பிலேயே ஆயுதம் என்று கொள்ளத்தக்கவற்றுக்கு அம்மாநில உயர்மட்ட நீதிமன்றம் காட்டிய எடுத்துக்காட்டுகளில் பயனெட்டும் ஒன்று. அத்தகைய ஆயுதத்தை வைத்திருப்பதே, பிறர்மீது சட்டவிரோதமாகப் பயன்படுத்தும் எண்ணத்துக்கு முதல்நோக்குச் சான்று என்று தண்டனைச் சட்டம் அனுமானிக்கிறது. அந்த அனுமானத்தை மறுத்து வாதாடலாம்; ஆனால் வாதாட வேண்டிய நிலைக்கே போகாமல் இருப்பது நல்லது. மாநகரின் பொது இடங்களில் 4 அங்குலம் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள கத்திக்குத் தனித் தடை உண்டு. போர்க்கால இந்திய வகைக் குட்டைப் பயனெட்டே சுமார் 12 அங்குலம். 1907 மாதிரியின் முழு நீளக் கத்தி 17 அங்குலம்.

ஆகவே ரைஃபிள் தோட்டாவின்றி, மூடிப் பூட்டிய பெட்டியில், கார் டிக்கியில் இருக்கட்டும். பயனெட் உறைக்குள், அதே பெட்டியில் அல்லது பூட்டிய வேறு பெட்டியில் இருக்கட்டும். வீட்டிலிருந்து நேரே தளத்துக்கு, தளத்திலிருந்து நேரே வீட்டுக்குச் செல்லுங்கள். வழியில் எரிபொருள் நிரப்புவது போன்ற தேவைக்கு நிற்கலாம்; கடைவீதியில் சுற்றக்கூடாது.

சுடுதளப் பொறுப்பாளர் சொன்னது

தடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு; முழுமையாக உண்டு. சுடுதளம் தனியார் இடம். சட்டம் அனுமதிக்கும் ஒன்றைத் தளம் அனுமதிக்காமல் இருக்கலாம். நீங்கள் கையெழுத்திட்ட விதிமுறையில் அதிகாரியின் கட்டளைக்குக் கட்டுப்படுவேன் என்ற வரி அநேகமாக இருக்கும். ஆனால் அதிகாரம் என்ற ஒரு சொல்லோடு இதை முடிக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் நியாயமும் இருக்கிறது.

பயனெட்டை மாட்டவும் கழற்றவும் கை எங்கே போகிறது என்று எண்ணிப் பாருங்கள். குழல்முனைக்கு அருகில், சில நேரம் நேர் முன்னால். சுட நினைக்காத எதன்மீதும் குழல்முனையை நேர்ப்படுத்தக்கூடாது என்பதே துப்பாக்கிக்காரர் கற்கும் முதல் பாடம். பயனெட் மாட்டும் கை அந்தப் பாடத்தை ஒவ்வொரு முறையும் மீறுகிறது. தோட்டா நிரம்பிய கேரண்டில் அதைச் செய்வதைக் கண்ட எந்தப் பொறுப்பாளரும் பேசாமல் இருக்கமாட்டார். மாட்டியபின் ரைஃபிளின் நீளம் கணிசமாகக் கூடுகிறது. பக்கத்து மேசைக்காரர் குனிந்து எழும்போது அந்த முனை எங்கே இருக்கும் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் மட்டும் இல்லை. எல்லாரும் சுடுவதை நிறுத்தி, இலக்குத் தாள்களை மாற்ற முன்னே போகும் நேரத்தில் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அந்த நேரத்தில் ‘கத்தியைத்தானே கழற்றினேன்’ என்பதும் துப்பாக்கியைத் தொட்டதுதான்.

உங்கள் குறி சரிபார்ப்பு வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. சோவியத்தின் மோசின்-நகான்ட் 91/30 ரைஃபிளை பயனெட் பொருத்திய நிலையில்தான் குறி சரிபார்த்தார்கள். கழற்றினால் குண்டு விழும் இடம் நகர்கிறது. அந்த வழக்கத்தை உங்கள் ரைஃபிள்களுக்குப் பொருத்த முடியாது. உங்கள் லீ-என்ஃபீல்டில் பயனெட் குழலை நேரடியாகப் பற்றுவதில்லை. முனைக்குக் கீழுள்ள மூக்குத் தொப்பி என்ற உலோக மூடியின் குமிழிலும் லக்கிலும் அமர்கிறது. துல்லியத்துக்காக அதை மாட்ட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

வரலாற்று ரைஃபிள்களுக்கென ஒதுக்கிய நாட்களில், முன்கூட்டிக் கேட்டால், சில தளங்கள் ஒப்புக்கொள்ளக்கூடும். அப்படி அனுமதி கிடைத்தால் எழுத்தில் பெறுங்கள். மேகசின் காலி, போல்ட் திறந்த நிலை, தோட்டா அறை காலி என்று காட்டும் கொடி, குழல்முனை இலக்கை நோக்கி என்ற நிலையில், பொறுப்பாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் பயனெட்டை மாட்டுங்கள். கழற்றுவதும் அதே நிலையில்தான். வரிசையின் ஓரத்து இடத்தைக் கேட்டுப் பெறுங்கள். சென்ற முறை வாக்குவாதம் ஆகியிருந்தால் அந்தப் பொறுப்பாளரிடம் வருத்தம் தெரிவிப்பதில் உங்களுக்குக் குறைவொன்றும் இல்லை.

மைத்துனரின் படத்துக்குத் திரும்புகிறேன். தாத்தாவின் கதையைச் சொல்லி, உங்கள் வீட்டுக் கூடத்தில், அந்தப் பயனெட்டை மட்டும் அவர் கையில் கொடுத்துப் படம் எடுங்கள். பயனெட் துப்பாக்கி அல்ல என்பதால் கூட்டாட்சித் தடை அதைத் தொடாது. ஆனால் நியூயார்க்குக்குக் குடிபோனபின் இதையும் செய்யாதீர்கள். அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் அபாயகரமான ஆயுதம் வைத்திருப்பதையே தனிக் குற்றமாகச் சொல்லும் உட்பிரிவு அம்மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 265.01-ஆம் பிரிவில் இருக்கிறது. அது அரசியலமைப்புக்கு ஏற்றதா என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழுப்பப்பட்டிருந்தாலும், அந்தக் கேள்விக்கான சோதனை வழக்காக உங்கள் மைத்துனர் ஆக வேண்டாம். அவர் உங்கள் வீட்டில் தங்கியிருக்கும்வரை ரைஃபிள் பெட்டியும் தோட்டாக்களும் பூட்டியே இருக்கட்டும். கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலே அவர் வசம் இருந்ததாக அரசுத் தரப்பு வாதிட முடியும் என்பதால், சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும், பூட்டின் எண்ணும் அவருக்குத் தெரிய வேண்டாம்.